கருமாதி வீட்டுக் கையெழுத்து

ஒகேனக்கல் பக்கம் யாராவது இறந்துபோனால், பென்னாகரத்தில் இருக்கும் எனக்கு முதலில் சேதி கொண்டுவருகிறவர் கடன் கொடுத்தவராகத்தான் இருப்பார். பால் தெளித்த மறுநாளே பஸ் ஏறி வந்துவிடுவார். பெஞ்சில் உட்கார்ந்து டீயை ஆற்றிக்கொண்டே, "ரைட்டரே, அவன் எழுதிக் குடுத்த நோட்டு மூணு வருசம் முடியப்போவுது. பையன்கிட்ட மாத்தி எழுதி வாங்கிக்கலாமா?" என்பார். வீட்டுக்காரர்கள் பதினாறு கழிந்து வருவார்கள். சிலர் பத்து வருஷம் கழித்து, நிலத்தை விற்கப் போகும்போதுதான் வருவார்கள். இந்த இரண்டு தரப்புக்கும் நடுவில் உட்கார்ந்து நாற்பது வருஷம் ஓடிவிட்டது.

நான் பத்திர எழுத்தர். 1984-ல் தாய்மாமாவிடம் எடுபிடியாகச் சேர்ந்தேன். முத்திரைத்தாளில் மை சிந்தாமல் எழுதுவது முதல் பாடம். சிந்தினால் தாளின் விலை என் கூலியில் பிடிபடும். கிரயம், அடமானம், போக்கியம், பாகப்பிரிவினை எல்லாம் எழுதினேன். ஆனாலும் செத்தவர் கணக்கை முடித்துவைக்கும் வேலைதான் என்னிடம் அதிகம் ஒட்டிக்கொண்டது. வக்கீலிடம் போகப் பயப்படுகிறவர்களுக்கு ரைட்டர்தான் பாதி வக்கீல். அந்தப் பாதியில்தான் ஆபத்தே இருக்கிறது. எனக்கு அது புரிய ஒரு பையன் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது.

1987. ஊட்டமலையில் ஒரு பரிசல்காரர் வீட்டுக் கருமாதி. மாமா என்னை அனுப்பினார். கடன் கொடுத்தவர் ஏற்கெனவே திண்ணையில் உட்கார்ந்திருந்தார். நாலாயிரம் ரூபாய், ரெண்டு வட்டி, இரண்டரை வருஷம். வட்டி மட்டும் 2,400. ஆக 6,400 ரூபாய்க்குப் புதிய புரோநோட்டு எழுத வேண்டும், மூத்த மகன் பெயரில். பையனுக்கு இருபது வயது இருக்கும். மொட்டையடித்த தலையில் சந்தனம் காயவில்லை, இடுப்பில் ஈர வேட்டி. பங்காளிகள் சுற்றி நின்றார்கள். "அப்பன் கடனை வெச்சுக்கிட்டு அப்பனுக்கு எப்படிடா நல்ல கதி?" என்று ஒரு பெரியவர் கேட்டார். ரெவின்யூ ஸ்டாம்பை நாக்கில் தொட்டு ஒட்டினேன். அவன் அதன்மேல் கையெழுத்துப் போட்டான். எழுத்துக் கூலி பதினைந்து ரூபாய். "பையன்கிட்ட வாங்கிக்க" என்று சொல்லிவிட்டுக் கடன்காரர் எழுந்து போனார். "அப்புறமா தர்றேன்ணா" என்றான் பையன். சாவு வீட்டில் கூலிக்கு நிற்கக் கூடாது என்று நானும் வந்துவிட்டேன்.

இறந்தவர் விட்டுப்போனது ஒரு தோல் பரிசல், ஒரு துடுப்பு, இரண்டு ஆடு, புறம்போக்கில் ஒரு கூரை வீடு. எல்லாவற்றையும் விற்றாலும் இரண்டாயிரம் தேறாது.

நாலைந்து வருஷம் கழித்துத் தருமபுரி கோர்ட் வாசலில் ஒரு மூத்த வக்கீலிடம் வேறு ஏதோ விஷயமாகப் பேசிக்கொண்டிருந்தபோது இந்தக் கதையையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "ஏம்ப்பா, அந்த நோட்டை எதுக்கு எழுதின?" என்றார். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 50, 52-ஆம் பிரிவுகளை அவர்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தார். செத்தவர் கடனுக்கு வாரிசுமேல் வழக்குப் போடலாம். ஆனால் செத்தவர் சொத்திலிருந்து வாரிசு கைக்கு எவ்வளவு வந்ததோ அவ்வளவுக்குத்தான் வசூலிக்க முடியும். பரிசலும் ஆடும் வந்திருந்தால் பரிசலுக்கும் ஆட்டுக்கும் உண்டான அளவு. பிள்ளையின் சொந்தக் கூலியைத் தொட முடியாது. ஆனால் பிள்ளை தன் பெயரில் நோட்டை மாற்றி எழுதிக் கொடுத்துவிட்டால் அது அப்பன் கடன் இல்லை, அவன் கடன். அவன் உயிரோடு இருக்கும்வரை துரத்தும். கடன்காரருக்கு இது தெரியும். எனக்குத் தெரியாது. பையன் அதற்குள் பெங்களூரில் கட்டட வேலைக்குப் போய்விட்டிருந்தான், அந்த நோட்டுக்கு வட்டி கட்டுவதற்காக.

'தகப்பன் பட்ட கடன் பிள்ளை தலைமேல்' என்பது எங்கள் ஊரில் சட்டத்தைவிடப் பெரிய சட்டம். பழைய இந்து சட்டத்தில் பிள்ளைக்கு அப்படியொரு தர்மக் கடமை உண்டுதான். அங்கேகூட குடும்பச் சொத்தின் அளவுக்குத்தான் அது பேசியது. 2005-ல் இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது, அதற்குப் பிறகு வாங்கிய கடன்களுக்கு அந்தத் தர்மக் கடமையை மட்டும் காரணம் காட்டி மகன்மேலோ பேரன்மேலோ வழக்குப் போட முடியாது என்றே எழுதிவிட்டார்கள். இருபது வருஷம் ஆகிறது. கருமாதிப் பந்தலுக்கு அந்தத் திருத்தம் இன்னும் வந்து சேரவில்லை.

அந்த வக்கீலைப் பார்த்த பிறகு சாவு வீட்டுக்குப் போய் நோட்டு எழுதுவதை விட்டேன். மாமாவுக்குக் கோபம். "நீ எழுதலைன்னா இன்னொருத்தன் எழுதுவான்" என்றார். அப்படித்தான் நடந்தது.

ஒகேனக்கல்லில் கடன் எப்படிச் சேருகிறது என்று தெரியாமல் செத்தவர் கணக்கைப் பார்க்க முடியாது. பரிசல் ஓட்டுகிறவர், எண்ணெய் மசாஜ் செய்கிறவர், மீன் வறுத்துக் கொடுக்கிற அம்மா, எல்லாருக்கும் முதலாளி காவிரிதான். கர்நாடகத்தில் கபினியும் கிருஷ்ணராஜ சாகரும் திறந்தால் பிலிகுண்டுலுவில் அளவு ஏறும். இங்கே பரிசலுக்குத் தடை, குளிக்கத் தடை. 2018 ஆகஸ்டில் வினாடிக்கு ஒரு லட்சம் கன அடியைத் தாண்டி வந்தபோது அருவி எது, ஆறு எது என்று தெரியவில்லை. டெலிவிஷனில் அது அழகாக இருந்தது. இங்கே அத்தனை நாளும் வருமானம் கிடையாது. தடை நாளில் மளிகைக் கடையில் பற்று, தண்டல்காரரிடம் கைமாத்து. ஆடிப்பெருக்குக்கும் தீபாவளிக்கும் கூட்டம் வந்தால் அடைப்பார்கள். 2020-ல் கொரோனாவுக்கு மாதக்கணக்கில் மூடிவைத்தார்கள். அப்போது வாங்கியதை இன்னும் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். இப்படிப்பட்டவர் திடீரென்று போய்விட்டால் எழுத்தில் இருக்கும் கடன் ஒரு பங்கு, வாயில் இருக்கும் கடன் மூன்று பங்கு. வாய்க்கடனுக்குச் சாட்சி செத்தவர்தான்.

ஆற்றில் போனவர்கள் கதை தனி. தொண்ணூறுகளில் ஒரு ஆவணி மாதம் மீன்பிடிக்கப் போனவர் திரும்பவில்லை. பரிசல் கவிழ்ந்து பாறையில் சொருகிக் கிடந்தது. ஆளைக் காணோம். மேட்டூர் அணையின் நீர்ப்பிடிப்பில் கோட்டையூர், பண்ணவாடிப் பரிசல் துறை வரை போய்த் தேடினார்கள். உடல் இல்லையென்றால் மரணச் சான்று இல்லை. மரணச் சான்று இல்லையென்றால் வாரிசுச் சான்று இல்லை. போலீஸ் ஸ்டேஷனில் 'காணவில்லை' என்று ஒரு வழக்கு மட்டும் இருந்தது. ஏழு வருஷம் ஆளைப் பற்றி வழக்கமாகத் தெரியவேண்டியவர்களுக்கு எந்தத் தகவலும் இல்லையென்றால்தான் இறந்ததாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும்.

அந்த அம்மா ஏழு வருஷம் பொட்டை அழிக்கவும் முடியாமல் வைக்கவும் முடியாமல் இருந்தார். இதில் ஒரு கொடுமை, அவர் கணவர் பெயரில் ஒரு சின்ன இன்சூரன்ஸ் பாலிசி இருந்தது. ஆள் எப்போது இறந்தார் என்று சட்டம் தேதி சொல்லாது. ஏழு வருஷம் முடிந்தால் இறந்துவிட்டார் என்று மட்டும் சொல்லும். நடுவில் பிரீமியம் நின்றால் பாலிசி செத்துப்போகும். உச்ச நீதிமன்றமும் 2004-ல் எல்.ஐ.சி. வழக்கு ஒன்றில் இதைத்தான் சொன்னது. ஏஜென்ட் நல்ல மனிதர், முதலிலேயே எடுத்துச் சொல்லிவிட்டார். மீன் வறுத்த காசில் இந்த அம்மா, ஆற்றோடு போன புருஷனுக்கு ஏழு வருஷம் பிரீமியம் கட்டினார்.

கடன்காரர்கள் பக்கம் நடந்தது நேர்மாறு. புரோநோட்டுக்கு ஆயுள் மூன்று வருஷம். செத்ததாகச் சொல்ல முடியாத ஆள்மேல் யார் போய் வழக்குப் போடுவது என்று பேசாமல் இருந்தார்கள். அவர் இறந்ததைச் சட்டம் ஒத்துக்கொள்வதற்கு நாலு வருஷம் முன்பே அவருடைய நோட்டுகள் இறந்துவிட்டன. கோர்ட் உத்தரவு வந்து பாலிசிப் பணமும் வந்ததும் அந்த அம்மா என்னிடம் வந்தார். "ரெண்டு பேருக்கு மட்டும் குடுத்துடறேன் சார். அவங்க ஏழு வருசமும் என்னை ஒரு வார்த்தை கேக்கலை" என்றார். கேட்டவர்களுக்குக் கொடுக்கவில்லை. எனக்குத் தெரிந்து இதைவிட நியாயமான கடன் பட்டுவாடா நடந்ததில்லை.

வாரிசுச் சான்று வாங்குவது அப்போது நடையாய் நடக்கும் வேலை. வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார், மறுபடியும் வி.ஏ.ஓ. இப்போது இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் கைப்பேசிக்கே வருகிறது. வேகம் கூடியிருக்கிறது, ஆனால் தப்பு அதே தப்புதான். ஆம்பளை செத்தால் பெண்டாட்டி, பிள்ளைகள் பெயரை எழுதுவார்கள். அவரைப் பெற்றவள் உயிரோடு மூலையில் உட்கார்ந்திருப்பாள், அவள் பெயரை விட்டுவிடுவார்கள். இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் தாயும் முதல் வரிசை வாரிசு. தகப்பனுக்கு அந்த இடம் கிடையாது. சொன்னால் ஆச்சரியப்படுவார்கள். கூத்தப்பாடிப் பக்கம் ஒரு வீட்டில் "அவ்வாவுக்கு எதுக்குங்க பங்கு, நாளைக்கோ நாளன்னிக்கோ" என்றார்கள். அவ்வா அதற்குப் பிறகு பதினோரு வருஷம் இருந்தார். அவர் பங்கு அவருடைய மற்ற மூன்று பிள்ளைகளுக்கும் பிரிந்து, மூன்று ஏக்கர் மானாவாரி நிலத்துக்குப் பதினான்கு பேர் கையெழுத்துத் தேவைப்பட்டது. அதில் இரண்டு பேர் பெங்களூரில் பேக்கரியில், ஒருவர் திருப்பூரில்.

மகள்கள் விஷயம் இன்னும் நீளம். நான் தொழிலுக்கு வந்தபோது பாகப்பத்திரத்தில் பெண்களுக்கு ஒரே ஒரு வரி: சீர் செய்து கட்டிக்கொடுத்தாகிவிட்டது. தகப்பன் சொந்தமாகச் சம்பாதித்த சொத்தில் மகளுக்கு 1956-லிருந்தே சம பங்கு உண்டு என்பதை அந்த வரி மறைத்துவிடும். பூர்வீகச் சொத்தில் தமிழ்நாடு 1989 மார்ச் 25 முதல் உரிமை கொடுத்தது, அதற்கு முன் கல்யாணமாகாத பெண்களுக்கு மட்டும். 2005 செப்டம்பர் 9-ல் மத்தியச் சட்டம் அந்த வேலியையும் எடுத்தது. 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், அந்தத் தேதியில் தகப்பன் உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்றும் சொல்லிவிட்டது. அடுத்த வாரமே மூன்று அக்காமார்கள் என் பெஞ்சுக்கு வந்தார்கள். பங்கு கேட்கத் தைரியம் வந்திருந்தது. நான் ஒன்று மட்டும் சொன்னேன்: பங்கு வந்தால் அந்த அளவுக்குக் கடனும் வரும். மூத்தவர் சிரித்தார். "கடனை நாங்க ஏற்கெனவே கட்டியாச்சு சார். அப்பாவுக்கு ஆஸ்பத்திரி பில் யாரு கட்டுனதுன்னு நெனைக்கறீங்க?"

ஆஸ்பத்திரி பில்லுக்குச் சட்டத்திலேயே மரியாதை உண்டு. 1925-ஆம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டம், செத்தவர் சொத்தை நிர்வகிக்கிறவருக்கு ஒரு வரிசை கொடுக்கிறது. முதலில் அவர் தகுதிக்கேற்ற ஈமச்செலவும், இறப்பதற்கு முந்தைய ஒரு மாதத்து வைத்தியச் செலவும். பிறகு கோர்ட் அனுமதி வாங்கும் செலவு. அடுத்து, அவர் சாவதற்கு முந்தைய மூன்று மாதத்துக்குள் அவருக்கு வேலை செய்த கூலிக்காரர், வீட்டு வேலைக்காரர் சம்பளம். மற்றக் கடன்களெல்லாம் இதற்குப் பின்னால்தான். எங்கள் பக்கம் யாரும் இந்தச் சட்டத்தைப் பிரித்துப் பார்த்து நிர்வாகம் செய்வதில்லை. ஆனால் இந்த வரிசையை நான் எல்லாரிடமும் சொல்வேன். வட்டிக்கு விட்டவர் முதலில் வந்து கத்துவார். களையெடுத்த பெண் மூன்று வாரக் கூலிக்குக் கடைசியில் வந்து வாசலில் நிற்பாள், சில சமயம் வரவே மாட்டாள்.

இந்த விஷயத்தில் முஸ்லிம் வீடுகளில் பார்த்த ஒரு முறை எனக்குப் பிடிக்கும். ஜனாஸா தொழுகைக்கு முன் மகனோ அண்ணனோ நின்று, இவருக்குக் கொடுக்கல் வாங்கல் யாருக்காவது இருந்தால் எங்களிடம் வாருங்கள் என்று கூட்டத்தில் சொல்வார். பாகம் பிரிப்பதற்கு முன் கடன், அதற்கு முன் அடக்கச் செலவு. அவர்கள் மார்க்கத்திலும் அதே வரிசைதான். அப்படி அறிவித்த வீடுகளில் பிறகு பஞ்சாயத்து குறைவாகத்தான் வந்திருக்கிறது.

1989-ல் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் முதலில் முளைத்தது எங்கள் தருமபுரி மாவட்டத்தில்தான். அதற்குப் பிறகு செத்தவர் கணக்கில் பெண்களின் கடனும் வர ஆரம்பித்தது. கந்துவட்டிக்காரர் பிடியை அந்தக் குழுக்கள் தளர்த்தின, அதில் எனக்குச் சந்தேகமில்லை. பின்னால் வந்த வாரத் தவணைக் கம்பெனிகள் வேறு ரகம். குழுவில் ஒருத்தி போய்விட்டால் மீதிப் பேர் அவள் தவணையைக் கட்ட வேண்டும். ஒரு வீட்டில் பெண்கள் ஒன்பது பேர் ஒப்பாரி வைத்துவிட்டு, கொல்லைப்புறம் போய் அந்த வாரத் தவணைக்குச் சில்லறை எண்ணினார்கள். கடனோடு இன்சூரன்ஸும் பிடித்திருப்பார்கள். அந்தக் காகிதம் யாரிடம் இருக்கிறது என்று ஒருவருக்கும் தெரியாது.

அதனால் இப்போது யார் வந்தாலும் நான் முதலில் கேட்பது இறந்தவரின் பேங்க் பாஸ்புக். வரி வரியாகப் படிப்பேன். மே மாதக் கடைசியில் 436 ரூபாய் பிடித்திருந்தால் பிரதமர் பெயரில் இருக்கும் ஆயுள் காப்பீடு, இரண்டு லட்சம். 20 ரூபாய் பிடித்திருந்தால் விபத்துக் காப்பீடு. ஆற்றில் மூழ்கியதும் விபத்துதான். இந்த இரண்டு எண்ணையும் பார்த்துச் சொன்னதில் காப்பாற்றிய குடும்பங்கள், நான் பத்திரம் எழுதிக் காப்பாற்றியவற்றைவிட அதிகம். நாமினி என்று பெயர் இருந்தால் பேங்க் பணம் அவருக்கே சொந்தம் என்று நினைப்பவர்களும் உண்டு. பேங்க் கணக்கில் நாமினி பணத்தை வாங்கிக்கொள்பவர். பங்கு வாரிசுகள் எல்லாருக்கும். 2025 நவம்பரிலிருந்து நாலு பேர் வரை நாமினி போடலாம் என்றாகிவிட்டது. அதில் என்னென்ன சண்டை வரும் என்று இனிமேல்தான் பார்க்க வேண்டும்.

நான் எழுத மறுத்த பத்திரங்களும் சில உண்டு. புருஷன் கடனை அடைக்க, மைனர் பிள்ளைகள் பங்கையும் சேர்த்து விற்கிறேன் என்று தாய் வருவார். ஜில்லா கோர்ட் அனுமதி இல்லாமல் விற்றால், பிள்ளை பதினெட்டு முடிந்து மூன்று வருஷத்துக்குள் அந்தக் கிரயத்தை ரத்து செய்யக் கேட்கலாம். வாங்குகிறவருக்கு இதைச் சொன்னால் விலையைப் பாதியாகக் குறைப்பார். சொல்லாமல் விட்டால் இருபத்தொன்றாவது வயதில் பையன் வந்து நிற்பான். இரண்டையும் பார்த்திருக்கிறேன்.

ஒரு முறை கருமாதி முடிந்த மாலை, வட்டிக்காரரின் ஆள் கழற்றிவைத்த தாலியைக் கேட்டான். நான் அங்கே வேறு காரியமாகப் போயிருந்தேன். வழக்கப்படி ஒரு பெண் பிரியக் கூடாத நகையை ஜப்தி செய்யக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. ஆனால் இவள் கழற்றிவிட்டாளே என்பது அவன் வாதம். "அது செத்தவன் சொத்தே இல்லைடா, அவளோடது" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அவன் போய்விட்டான். அந்தத் தாலி பிறகு கூட்டுறவுச் சங்கத்தில் அடகுக்குப் போனதும் எனக்குத் தெரியும்.

போன வருஷம் ஆடி பதினெட்டு கழிந்து கூட்டம் அடங்கிய ஒரு நாள், நரைத்த தாடியோடு ஒருவர் வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். பெங்களூரில் முதுகு ஒடிந்து, ஊருக்கே திரும்பி வந்து, பரிசல் ஓட்டுகிறவர். முதலில் அடையாளம் தெரியவில்லை. ஊட்டமலை என்றதும் தெரிந்தது. அந்த 6,400 ரூபாயை 1996 வரை கட்டினாராம்.

கையில் பேரனின் பழைய பள்ளிக்கூட நோட்டு. "யாருக்கு என்ன தரணும், யாரு எனக்குத் தரணும்னு எழுதி வெச்சிருக்கேன். எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா எம்பையன் எந்தக் காகிதத்துலயும் கையெழுத்துப் போடக் கூடாது. இதைப் பத்திரமாக்கிக் குடுங்க" என்றார். கடன் பட்டியலை மட்டும் பதிவு செய்ய முடியாது. உயிலாக எழுதி, சொத்து விவரமும் கடன் விவரமும் சேர்த்து, எந்தச் சொத்திலிருந்து எந்தக் கடனை அடைப்பது என்று சொல்லலாம், முத்திரைத்தாள் தேவையில்லை, இரண்டு சாட்சி போதும் என்றேன். சரி என்றார்.

அவர் படிக்கப் படிக்க எழுதினேன். மளிகைக் கடை 3,200. மச்சான் கைமாத்து பத்தாயிரம், வட்டி இல்லை. கூட்டுறவுச் சங்கத்தில் நகைக்கடன், சீட்டு டிரங்குப் பெட்டியில். பரிசலுக்குத் தார் பூசியவனுக்கு 400. எட்டாவதோ ஒன்பதாவதோ வரி: ரைட்டருக்கு, அப்பா கருமாதி அன்னிக்கு நோட்டு எழுதின கூலி, 15 ரூபாய்.

பேனாவை வைத்துவிட்டேன். அந்த வரி வேண்டாம், விட்டுவிடுவோம் என்றேன்.

"நான் சொல்றதை எழுதறதுதானே உங்க வேலை" என்றார்.

எழுதினேன்.